நெடுவரம்பில் விஷமம் ஒழிந்த வரலாறு

மனிதகுலத்தின் மனநலத்துக்காகப் பாடுபட்டவர்களின் பெயர்களை என்றாவது ஒருநாள் கல்லில் வெட்டுவார்கள். அந்தக் கல்லின் முதல் வரியை, சுசீந்திரத்துக்குத் தெற்கே நாற்புறமும் வயல் சூழ்ந்த நெடுவரம்பு என்னும் ஊருக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். மற்ற ஊர்களில் மனசைச் சரிப்படுத்த வைத்தியர் வேண்டும், மருந்து வேண்டும். நெடுவரம்புக்கு ஒரு தகரக் கொட்டகையும் ஒரு தலைவருமே போதுமானவையாக இருந்தன.

திரு-கொச்சி ராஜ்யம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஊர் தமிழ் பேசும். சர்க்கார் மலையாளத்தில் எழுதும். இந்த ஏற்பாட்டினால் சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் சண்டை வர வழியே இல்லாமல் இருந்தது. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிந்தால்தானே சண்டை வரும்!

ஒருநாள் திருவனந்தபுரத்திலிருந்து ஊர்நல சமிதிக்கு ஒரு சர்க்குலர் வந்தது. சமிதியின் தலைவர் முத்துநாயகம், அரிசி மில் முதலாளி. மலையாளத்தைக் 'கரைத்துக் குடித்தவர்' என்று அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். குடித்தது எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. செயலாளர் நாராயணபெருமாள், ஆரம்பப் பள்ளி வாத்தியார். பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே மலையாள எழுத்தைக் கற்றவர். எழுத்துக் கூட்ட வரும், பொருள் வராது. ஆகவே எழுத்து வாத்தியாருக்கு, பொருள் தலைவருக்கு என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் பஸ் நிறுத்தங்களின் பெயரைக் கூவுவதுபோல வாசித்தார்: "கௌமாரக்காரிலும் முதிர்ந்நவரிலும் காணுன்ன மானசிக விஷமம் கண்டுபிடிச்சு பரிஹரிக்கேண்டதாணு."

"மனசிலாச்சா ஓய்?" என்றார் தலைவர்.

"நீங்க சொன்னா மனசிலாவும்."

"விஷமம் செய்யுகவங்களப் பிடிக்கணும், அவ்வளவுதான். சும்மா விஷமம் இல்ல, மனசுக்குள்ள வச்சிருந்து செய்யுகானே, அந்த விஷமம்."

"கௌமாரக்காரருன்னா யாரு?"

தலைவர் கூரையைப் பார்த்தார். கூரை உதவவில்லை. இருந்தாலும் அவர் தயங்கவில்லை. "குமாரகோயில்காரன். அந்த ஊருல உள்ளவன் எல்லாம் விஷமக்காரனாக்கும். கவர்மெண்டுக்கே தெரிஞ்சு போச்சு பாரும்."

"நம்ம ஊருல குமாரகோயில்காரங்க இல்லியே."

"ஏன் இல்ல? அந்தப் பகவதிக்கச் சித்தி வீடு அங்கதான? எழுதும் அவளுக்கப் பேர!"

இப்படியாகப் பதினாறு வயதுப் பகவதி, கௌமாரம் என்னும் இளம்பருவக் கணக்கில் அல்லாமல் குமாரகோயில் கணக்கில், முதல் 'நோயாளி' ஆனாள். அவள் நோய் கடுமையானதுதான். ஊரில் யார் பேசினாலும் மறுநிமிஷம் அந்தக் குரலிலேயே பேசிக் காட்டுவாள். வாத்தியாருக்கு வாய்ப்பாடு மறந்துபோகும்போது வரும் இருமல்கூட அவளிடம் இருந்தது.

முதிர்ந்தவர்களில் இரண்டு பேர் தாங்களாகவே மாட்டினார்கள். ஒருவர் தையல்கார ஜான்ரோஸ். சுதந்திர தின விழாவுக்குத் தலைவருக்குக் கோட்டுத் தைத்தவர், அதன் பைகளின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார். தலைவர் மேடையில் நின்று பேச்சுத் தாளை எடுக்கப் பையைத் தேடினார், தேடினார், பையில்லாத கோட்டில் தேடிக்கொண்டே இருந்தார். கூட்டம் அதையே சொற்பொழிவு என்று நினைத்துக் கைதட்டியது.

இன்னொருவர் முட்டத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் ததேயுஸ். அவர் மீனை மீன் பெயரால் கூவுவதில்லை. "நெத்திலி மெம்பரே! சாளை செக்ரட்டரியே! சுறா பிரசிடெண்டே வந்திருக்கு!" என்று தலைவர் வீட்டு வாசலில் நின்று கூவுவார். தலைவர் வீடோ சுத்த சைவம்.

மூன்று பேர் போதாது என்று சமிதி கருதியது. தண்டோரா போட்டார்கள்: "மனசுல விஷமம் உள்ளவங்க எல்லாம் சமிதிக்கு வந்து சொல்லணும்! சர்க்கார் பரிகாரம் செய்யும்!"

இந்தத் தண்டோரா, நெல் அவித்து விற்கும் தாணம்மாளின் காதில் விழுந்தது. நெல் புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். தாணம்மாள் கல்குளம் தாலுகாவில் திருவட்டாற்றுப் பக்கம் பிறந்து இங்கே வாழ வந்தவள். புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகள் முத்துக்கனி கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு, 'நெல் என்ன விலை' என்பதைத் தவிர அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது சர்க்காரே கேட்கிறது! அவள் வெளுத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு சமிதிக்குப் புறப்பட்டாள்.

அதுவரை வந்தவர்கள் எல்லாரும் விஷமம் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"உனக்கு விஷமம் உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"உண்டு அண்ணாச்சி. ஒரே விஷமமாட்டு இருக்கு."

சமிதி நிமிர்ந்து உட்கார்ந்தது. இப்படி ஒரு வாக்குமூலத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எப்ப இருந்து?"

"அவரு போனதுலேருந்தே உண்டு. மக போன பொறவு ரொம்பக் கூடிப்போச்சு."

"புருஷன் இருக்கும்போ அடக்கி வச்சிருந்திருக்கா. எழுதும் ஓய்," என்றார் தலைவர். "எந்த நேரத்துல?"

"அந்தி மயங்குத நேரத்துலதான். அப்பம் தாங்காது."

"கூட யாரு?"

"எனக்கு யாரு இருக்கா? தனியேதான்."

"தனியே விஷமமா? அது எப்படி செய்ய முடியும்?"

"செய்யாண்டாம். சும்மா இருந்தாலே வரும். அடுப்புல சோறு கெடந்து கரியும், நான் பாத்துட்டே நிப்பேன்."

"வேணும்னே சோத்தைக் கரிய விடுகா," என்று வாத்தியார் எழுதிக்கொண்டார்.

"கோழியைக் கண்டாலும் வரும். மவளுக்கு அந்தக் கோழிமேல ஒரு பிரியம்."

"கோழியக்கூட விட்டு வைக்கல்லியா?" தலைவரின் குரல் தழதழத்தது. "நிறுத்தணும்னு உனக்குத் தோணல்லியா?"

"அடக்க அடக்கக் கூடுது அண்ணாச்சி. நீங்கதான் ஒரு வழி செய்யணும்."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குற்றத்தை உணர்ந்து அழும் முதல் விஷமக்காரியைக் கண்ட சமிதி நெகிழ்ந்துபோயிற்று. அவளுக்கும் 'சிகிச்சை' விதிக்கப்பட்டது.

சிகிச்சை மிக விஞ்ஞானபூர்வமானது. பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் தினமும் மாலை நாலு மணிக்கு நோயாளிகள் வந்து உட்கார வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது. வாத்தியார் முக்காலியில் அமர்ந்து காவல் காப்பார். ஊரில் சிதறிக் கிடந்த விஷமத்தை ஒழிக்க, நான்கு விஷமக்காரர்களை ஒரே அறையில் அடைப்பது என்று முடிவு செய்த மூளையை என்னவென்று புகழ்வது!

முதல் நாள் வாத்தியார் கொஞ்ச நேரம் காவல் காத்தார். பிறகு தூக்கம் அவரைக் காவல் காத்தது. பகவதி மெல்ல நகர்ந்து வந்தாள்.

"எக்கா, நீ என்ன விஷமம் செய்தே?"

"நான் ஒண்ணும் செய்யல்லட்டி. எனக்கு விஷமம் இருக்கு."

"இருக்கா? எங்க?"

"நெஞ்சுக்குள்ள." தாணம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "எங்க ஊருப் பக்கம் வருத்தத்துக்குத்தான் விஷமம்னு பறைவோம். மலையாளத்துலயும் அதானே. நீங்க வேற என்ன சொல்லுவிய?"

சர்க்குலர் வந்ததோ மலையாளத்தில். தலைவர் குடித்த மலையாளத்தின் அளவு மூவருக்கும் புரிந்துவிட்டது. முதலில் ததேயுஸ் வாயைப் பொத்தினார். பொத்திய விரல் வழியாகச் சிரிப்பு கசிந்தது.

"வெளிய சொல்லீராதீங்க. பாவம், சுறா செத்துப் போவும்," என்றார்.

ஜான்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பம் ஒண்ணு செய்வோம் மைனி," என்றார். "ஒங்க விஷமத்துல கொஞ்சம் எங்களுக்குத் தாங்க. எங்க விஷமத்துல கொஞ்சம் ஒங்களுக்குத் தாறோம்."

தன் பெயர் பட்டியலில் ஏறிய கதையை ஊர்வாயில் கேட்டிருந்த பகவதி எழுந்து நின்று, இல்லாத தொந்தியைத் தடவிக்கொண்டு, தலைவர் குரலில் ஆரம்பித்தாள்: "கௌமாரக்காரன்னா குமாரகோயில்காரன். முதிர்ந்நவருன்னா, ம்... முட்டத்துக்காரன். மனசிலாச்சா ஓய்?" உடனே வாத்தியாரின் இருமல். தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார் தன் இருமலைக் கேட்டுத் தூக்கத்திலேயே, "ஆமா, ஆமா," என்றார்.

யாரோ உரக்கச் சிரித்தார்கள். யார் என்று தாணம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தகரம்தான் இருந்தது. சிரித்தது அவளேதான். அந்தச் சத்தத்தை அவள் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன் பிறகு அவள் மூன்றரைக்கே கொட்டகைக்கு வந்துவிடுவாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து இலையில் பொதிந்து கொண்டுவருவாள். சில நாள் மகளைப் பற்றிப் பேசுவாள். முத்துக்கனி சின்னவளாக இருந்தபோது கோழிக்குக் கண்மை போட்ட கதை, கப்பலேறும்போது திரும்பிப் பார்க்காமல் போன கதை. அப்போது ததேயுஸ் மீன் கூவமாட்டார். பகவதி யாருடைய குரலிலும் பேசமாட்டாள். கேட்டு முடித்ததும், "அந்தக் கோழி இப்பமும் மை கேக்குமா எக்கா?" என்பாள். தாணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். அந்தி மயங்கும் நேரம் அவளுக்குத் தெரியாமலேயே கொட்டகையைக் கடந்து போயிற்று.

இந்த அபாரமான வெற்றியைச் சமிதி சும்மா விடுமா? திருவனந்தபுரத்து ஆபீசர் பார்வையிட வருவதாகத் தகவல் கிடைத்ததும், நோயாளிகளை அவசரமாகப் பரிசோதித்தது.

"இப்பம் விஷமம் எப்படி இருக்கு?" என்று தாணம்மாளைத் தலைவர் கேட்டார்.

நல்லவள், உண்மையைச் சொன்னாள். "போயிட்டு அண்ணாச்சி. இல்லவே இல்ல."

"குணமாகிவிட்டாள்! கொட்டகைக்கு இனி வரப்படாது." மற்ற மூவரிடமும் இனி விஷமம் செய்வதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். கொட்டகை பூட்டப்பட்டது. 'விஷமக்காரர்: ஒருவரும் இல்லை' என்ற அறிக்கை பஸ் ஏறிப் போயிற்று.

குணமான நெடுவரம்பைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஜான்ரோஸ் தலையைத் தூக்காமல் தைத்தார். ததேயுஸ் "மீன்... மீன்..." என்று சாவுச் சேதி சொல்வதுபோலக் கூவினார். பகவதி தன் சொந்தக் குரலில் பேசினாள், அதையும் குறைத்துக்கொண்டாள். குளத்துப் படியில் இரண்டு பெண்கள் சேர்ந்து சிரித்தால் சமிதி ஆள் வந்து பெயர் எழுதினான். ஆகவே பெண்கள் தனித்தனியே குளித்தார்கள். கடைவீதியில் சாமான் வாங்குகிறவர்கள்கூட ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

தாணம்மாள் வீட்டு அடுப்பில் மறுபடி சோறு கரிந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மில்லுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, விஷமம் திரும்ப வந்துட்டு. அந்தக் கொட்டகைய ஒண்ணு திறக்கணும்."

தலைவர் பதறினார். "வராது! எப்படி வரும்? ரிப்போர்ட்டு போயாச்சு!"

"வந்துட்டு அண்ணாச்சி. முன்னயவிடக் கூடுதலாட்டு."

"சர்க்காருக்கு இல்லன்னு எழுதின பொறவு உனக்கு உண்டுன்னா, அது சர்க்கார எதுக்குததாக்கும். வீட்டுக்குப் போ. விஷமம் வேணும்னு கேக்குத பொம்பளைய இப்பந்தான் பாக்கேன்."

தாணம்மாள் வரப்பு வழியாக வீட்டுக்குத் திரும்பினாள். தன்னுடைய விஷமத்தை வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குள் நுழைய முடியாது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. தலைவருக்குத் தெரிந்த விஷமம் ஒன்று வேண்டும். யாரும் மறுக்க முடியாத, பத்துப் பேர் பார்க்கிற, சுத்தத் தமிழ் விஷமம்.

ஆபீசர் வரும் அன்று காலையில் ததேயுஸின் சைக்கிளை நிறுத்தினாள்.

"கொஞ்சம் மீன் கழுவின தண்ணி வேணும்."

"மைனி, நான் சத்தியம் செய்திருக்கேன்," என்று ததேயுஸ் கூடையை அணைத்துக்கொண்டார்.

"நீரு ஒரு விஷமமும் செய்யாண்டாம். தண்ணிய மட்டும் தாரும். எதுக்குன்னு கேக்காதேயும்."

ததேயுஸ் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கூடையிலிருந்ததில் நாற்றம் அதிகமுள்ள மீனாகப் பார்த்துக் கழுவினார்.

மாலையில் பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல். குணமான நால்வரையும் காட்சிக்காக முன்வரிசையில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. அவர்களில் தாணம்மாள் ஒருத்திதான் ஒழுங்காக அழுது குணமானவள். ஆதலால் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும் கௌரவம் அவளுக்குக் கிடைத்தது. ஆபீசர் காரிலிருந்து இறங்கினார். கண்ணாடி போட்ட, மெலிந்த, சாந்தமான மனிதர். தாணம்மாள் பன்னீர்ச்செம்பைச் சாய்த்து அவருக்கு இரண்டே துளி தெளித்தாள். பின்னால் வந்த தலைவருக்கு இன்னொரு செம்பைக் கவிழ்த்தே விட்டாள். ஆபீசர் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் தலைவருக்கு நாற்றத்தை விசாரிக்க நேரமில்லை.

தலைவர் அறிக்கை படித்தார். "சமிதி தொடங்கும்போது இந்த ஊரில் விஷமம் உள்ளவர்கள் நால்வர். இன்று ஒருவருமில்லை!" வாத்தியார் அதை ஆபீசருக்குக் கையால் விளக்கினார். நாலு விரலைக் காட்டி, எல்லாவற்றையும் மடக்கினார்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "ஆர்க்கும் விஷமம் இல்லே? ஒராளுக்கும்?"

"இல்லே! இல்லே!" இந்தச் சொல் தலைவருக்கு நன்றாகத் தெரியும்.

விஷமமே இல்லாத ஒரு ஊரை ஆபீசர் தம் உத்தியோகத்தில் கண்டதில்லை. உணர்ச்சிவசப்பட்டு எழுந்தார். தமக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றித் தலைவர் கழுத்தில் போட்டார். கழுத்தருகே போனவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார்.

முதலில் ஒரு கறுப்புப் பூனை வந்தது. மேடையேறித் தலைவரின் காலை நக்கியது. பிறகு வெள்ளைப் பூனை. பிறகு குட்டிகளோடு ஒன்று. ஊரில் இத்தனை பூனைகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைவர் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை உதறினார். சத்தியம் செய்து கொடுத்த மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"யாரு? யாரு இந்த வேல செய்தது?" என்று தலைவர் கத்தினார்.

தாணம்மாள் எழுந்து நின்றாள். "நாந்தான் அண்ணாச்சி. எனக்கு விஷமம்."

"இல்ல!" தலைவருக்கு அறிக்கை நினைவு வந்துவிட்டது. "இது விஷமம் இல்ல. செம்பு மாறிப் போச்சு. கைத்தவறு!"

"கைத்தவறு இல்ல. வேணும்னே செய்தேன்."

"உனக்கு விஷமமே கிடையாது! நீ நல்லவளாக்கும்!"

"நான் நல்லவ இல்ல! விஷமந்தான்! கொட்டகையத் திறந்து என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க!"

குற்றம் செய்தவள் தண்டனை கேட்டு வாதாடவும், குற்றத்துக்கு ஆளானவர் அவளைக் காப்பாற்றப் போராடவும், இப்படி ஒரு வழக்கு எந்தக் கோர்ட்டிலும் நடந்திருக்காது. நடுவில் மாட்டிக்கொண்ட ஆபீசருக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. அவர் மேடையை விட்டு இறங்கித் தாணம்மாளின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மைக்கு எந்தா விஷமம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

  தாணம்மாள் இந்தக் கேள்வியை வேண்டித்தான் தண்டோரா போட்ட அன்றைக்கு வெளுத்த புடவை கட்டிக்கொண்டு சமிதிக்குப் போனாள். இப்போது திருவட்டாற்றுப் பேச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். போன புருஷன், கொழும்பிலிருக்கும் மகள், கரிகிற சோறு, கொட்டகை, மரச்சீனி. கடைசியில் அந்த மூவரையும் கைகாட்டி, "இவங்களாக்கும் எனக்க விஷமத்தை மாத்தினது. இவங்களுக்க வாயைத்தான் சமிதி கெட்டிப் போட்டுட்டு," என்றாள்.

ஆபீசர் திரும்பி, சமிதி உண்மையில் என்னதான் செய்தது என்று கேட்டார். பயத்தில் வாத்தியார் முழுவதையும் உளறிவிட்டார். சிரித்தவர்கள், பெயர் எழுதியது, சத்தியம், குமாரகோயில் உட்பட.

"நாளை முதல் கொட்டகை திறந்திருக்கும்," என்று ஆபீசர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "காவல் வேண்டாம். ஆர்க்கு வேணமெங்கிலும் வரலாம்."

தாணம்மாள் உட்கார்ந்துவிட்டாள். பகவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசர் அறிக்கையை வாங்கி, 'ஒருவரும் இல்லை' என்பதைப் பேனாவால் அடித்தார். பிறகு தாணம்மாளைப் பார்த்தார். "இவிடே விஷமம் உள்ளவர் எத்தர பேர்? அம்ம பற. நான் எழுதாம்."

"எந்த பாஷையில சாரே?"

"ரெண்டிலும்."

தாணம்மாள் பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். சிரிக்க மறந்த ஊர் மொத்தமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மலையாளத்துல எழுதுகதா இருந்தா ஊரு முழுக்க எழுதணும் சாரே. தமிழ்ல எழுதினா ஒரே ஒரு ஆளுதான். அவருக்கக் கழுத்து மாலைய மட்டும் கழத்தீராதீங்க. அடையாளத்துக்குக் கெடக்கட்டும்."